பெயின்ற் அடிச்சாலும் போகாத நட்டம்

பழைய கார் வாங்க வாறவர் முதல் கேட்கிற கேள்வி என்ன? எத்தினை கிலோமீற்றர் ஓடினது என்பதில்லை. "ஆக்சிடென்ற் பட்டதோ?" என்பதுதான். இல்லை எண்டு சொன்னாலும் நம்பமாட்டார். கூட வந்த மெக்கானிக் குனிந்து கதவு விளிம்பில் பெயின்ற் வித்தியாசம் பார்ப்பார். பொனெற்றைத் திறந்து, நட்டுகளில் ஸ்பானர் பட்ட அடையாளம் தேடுவார். ஒன்று அகப்பட்டால் போதும், கார் எவ்வளவு நல்லா ஓடினாலும் விலை அந்த இடத்திலேயே இறங்கும்.

இறங்கின அந்தக் காசை யார் தரவேண்டும்? பிழையாக வந்து இடிச்சவர்தான் என்பது எங்கட நிலைப்பாடு. இப்போது அது இடிபட்டவரின் தலையில்தான் விழுகிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 60 இலட்சம் பெறுமதியான காரைப் பின்னாலிருந்து ஒருவர் இடிக்கிறார். திருத்தச் செலவு 6 இலட்சம். அதை அவருடைய காப்புறுதி கட்டுகிறது. எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைப்போம். பிறகு விற்கப் போனால் 54க்கு மேல் ஒருவரும் கேட்கிறார்களில்லை. மிச்ச 6 இலட்சத்துக்கு எந்தக் கராஜும் பில் தராது. பில் இல்லாதபடியால் அது நட்டமே இல்லை என்று நடந்துகொள்கிறோம்.

எங்கட நாட்டில் இது சின்ன விசயமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்கள் காணி மாதிரி விலையேறின. பல குடும்பங்களுக்கு முற்றத்தில் நிற்கிற காரும், ஓட்டோவும்தான் சேமிப்பு. சிலருக்கு அது இன்னும் லீசிங் முடியாத சேமிப்பு.

நட்டம் தரப்படாததால் இன்னொன்றும் நடக்கிறது. மறைக்கிறோம். இடிபட்டவர் மறைச்சு விற்கிறார், வாங்கினவர் ஆறு மாதம் கழிச்சுக் கண்டுபிடிச்சு அவரும் மறைச்சு விற்கிறார். இடிச்சவருடைய கடன் இப்படிக் கைமாறிக் கைமாறி, கடைசியில் வாகனம் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரின் கையில் நிற்கும்.

சட்டம் இதற்கு இடமே தரவில்லையா? தருகிறது. தேசவழமை பற்றி வீட்டுக்கு வீடு கதைக்கிற எங்களுக்கு, வீதியில் ஒருவர் கவனயீனமாகச் செய்த சேதத்துக்கு உரோம-டச்சுச் சட்டம்தான் பொருந்தும் என்பது அவ்வளவாகத் தெரியாது. அதன் அடிப்படை நேரானது: விபத்துக்கு முதல் உங்கட சொத்தின் பெறுமதி என்ன, பிறகு என்ன? அந்த வித்தியாசம்தான் நட்டம். திருத்தச் செலவு அதை அளக்கிற ஒரு வழி மட்டுமே. ஆனால் மற்றவரின் பிழையை நீங்கள் நிரூபிக்க வேண்டும். உங்களிலும் பிழை இருந்தால் அந்தப் பங்கு கழியும்.

உங்கட சொந்த முழுக் காப்புறுதியிடம் இதைக் கேட்டுப் பெரிதாகப் பயனிருக்காது. இப்படியான ஒப்பந்தங்கள் பொதுவாகத் திருத்தத்துக்கு மட்டும் பொறுப்பெடுத்து, பெறுமதித் தேய்வை விலக்கிவிடும். கோரிக்கை போகவேண்டியது இடிச்சவர் பக்கம்.

இது நடக்காத காரியம் என்கிறவர்கள் ஜேர்மனியில் இருக்கிற மாமாவை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ. அங்கே விபத்து மதிப்பீட்டாளரின் அறிக்கையிலேயே திருத்தச் செலவு வேறாக, பெறுமதி இழப்பு வேறாக வரும். பிழை விட்டவரின் காப்புறுதி அதைக் கட்டும். அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் 2001இல் உயர்நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், சொந்தக் காப்புறுதி நிறுவனமே இந்த இழப்பை மதிப்பிட வேண்டும் என்றது. ஆனால் அந்த வழக்கோடு பரவின கணக்குமுறையை இங்கே கொண்டுவர வேண்டாம். கார் விலையில் 10 வீதத்துக்கு மேல் போகாது, அதையும் சேதத்தின் அளவால் பெருக்கிக் குறைப்பார்கள், 100,000 மைல் தாண்டியிருந்தால் பூச்சியம். ஓடின தூரத்துக்காக விலை ஏற்கெனவே குறைஞ்சிருக்க, திரும்பவும் ஏன் குறைக்க வேணும்? எங்கட வீதிகளில் ஓடுகிற கார்களில் எத்தினை 160,000 கிலோமீற்றரைத் தாண்டினவை!

எங்களுக்குத் தேவை அதைவிட எளிது. காப்புறுதி நிறுவனங்களின் கோரிக்கைப் படிவத்தில் பெறுமதி இழப்புக்கென்று ஒரு தனி வரி. அதைக் கேட்கவேண்டிய இடம் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு.

அதுவரை, உங்களுக்கு இப்படி நடந்தால் திருத்த முதலே படங்களை எடுத்து வையுங்கோ. லீசிங் எடுக்கேக்க செய்த மதிப்பீட்டு அறிக்கையைத் தேடி எடுங்கோ, திருத்தின பிறகு இன்னொன்று எடுப்பியுங்கோ. இரண்டுக்கும் இடையிலான தொகைதான் உங்கட சாட்சி. 'முழுமையான, இறுதியான தீர்வு' என்று எழுதின தாளில் காசைக் கண்டதும் கையெழுத்துப் போடாதேங்கோ. போட்டால் மிச்சத்தைக் கேட்கிறது பெரும்பாடு. பொலிஸில் சமாதானமாகப் போகேக்கையும் பெறுமதி இழப்பு இன்னும் தீரவில்லை என்று ஒரு வரி எழுதுவியுங்கோ. வழக்கென்று வந்தால் விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். கார் விற்கேக்க பார்ப்பம் எண்டு இருந்தால் அந்தத் திகதி போய்விடும்.