லைட் எரியலைன்னு சந்தோஷப்படாதீங்க... உங்க கார் ஏர்பேக்கை யார் செக் பண்றது?

நண்பன் ஒருத்தன் செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கணும்னு என்னையும் இழுத்துட்டுப் போனான். 2017 மாடல் ஹேட்ச்பேக். சிங்கிள் ஓனர், பெயின்ட்ல ஒரு கீறல்கூட இல்லை. புரோக்கர் வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டு, "பாருங்க சார், ஒரு வார்னிங் லைட்கூட கிடையாது"ன்னார். நண்பன் முகத்துல அப்படியொரு பிரகாசம். கூட வந்த மெக்கானிக் அண்ணன் மட்டும், "ஆஃப் பண்ணிட்டு இன்னொரு தடவை சாவியைத் திருப்புங்க"ன்னு சொல்லிட்டு மீட்டரையே பார்த்துக்கிட்டு நின்னார். இன்ஜின், ஏபிஎஸ், பேட்டரின்னு எல்லா லைட்டும் எரிஞ்சது. ஸ்டீயரிங்ல ஏர்பேக்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு, ஆனா ஏர்பேக் லைட் மட்டும் எரியவே இல்லை.

"எரியாம இருந்தா நல்லதுதானேண்ணே?"

"எரிஞ்சு அணையணும் தம்பி. எரியவே இல்லைன்னா யாரோ கை வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் கம்ப்யூட்டர் தன்னைத்தானே ஒரு செக் பண்ணிக்கொள்ளும். அந்தச் சில விநாடிகள்தான் லைட் எரியும். எல்லாம் சரியா இருந்தா அணைஞ்சிடும். அணையாமல் நின்றாலோ, அணைந்து திரும்ப எரிந்தாலோ கோளாறு. எரியவே இல்லையென்றால் அதைவிடப் பெரிய கோளாறு. பல்பைக் கழட்டியிருக்கலாம், அல்லது அந்த ஒயரை வேற லைட்டோட சேர்த்துக் கட்டியிருக்கலாம்.

இது ஏதோ ஒரு புரோக்கரோட தில்லுமுல்லு மட்டும் இல்லை. நம்ம ஊர் சட்டம் காரை விற்கும் நாள்வரைக்கும்தான் ஏர்பேக் பற்றி யோசிக்குது. 2019 ஜூலையில் டிரைவர் பக்க ஏர்பேக் கட்டாயம் ஆச்சு. அதே ஆண்டு ஏப்ரலிலேயே எல்லா புது கார்களுக்கும் ஏபிஎஸ் வந்துடுச்சு. 2021-ல் பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் வந்தது. 6 ஏர்பேக் கட்டாயம்னு சொல்லி, தள்ளிப்போட்டு, கடைசியில் 2023-ல் 'கட்டாயம் இல்லை'ன்னு மத்திய அமைச்சர் நிதின் கட்கரி சொல்லிட்டார். ஆனா அதே ஆண்டு பாரத் என்கேப் கிராஷ் டெஸ்ட் வந்தது. ஸ்டார் ரேட்டிங் பார்த்து வண்டி வாங்குற கூட்டமும் கூடிப்போச்சு. இன்னிக்கு பட்ஜெட் கார் விளம்பரத்துலகூட '6 ஏர்பேக்'தான் ஹீரோ.

சரி, அந்த ஆறும் அஞ்சு வருஷம் கழிச்சு வேலை செய்யுதான்னு யார் பார்க்குறது? யாருமில்லை. சொந்த உபயோகத்துக்கான காருக்கு முதல் 15 வருஷம் எஃப்சி கிடையாது. புகை சர்ட்டிஃபிகேட் மட்டும் ஒழுங்கா கேட்பாங்க. சைலன்ஸரில் என்ன வருதுன்னு வருஷா வருஷம் பார்க்குறோம், ஸ்டீயரிங்குக்குள்ள இருக்குறதைப் பார்க்குறதில்லை. பிரிட்டனில் மூணு வயசான காருக்கு வருஷா வருஷம் எம்ஓடி சோதனை உண்டு. ஏர்பேக் லைட் கோளாறு காட்டினா அங்கே வண்டி ஃபெயில்.

லைட் எரிஞ்சாலே பெரிய செலவுன்னு பயந்துதான் பலர் அதைக் கண்டுக்காம விடுறாங்க. உண்மையில் பாதிக் கதைகள் சின்னக் கதைகள்தான். முன் சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் ஒண்ணு இருக்கும். ஏர்பேக், சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் பிரிடென்ஷனர் ஒயர்களெல்லாம் அப்படிப் போகும். சீட்டை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி, அடியில் தண்ணி பாட்டிலும் குடையும் திணிச்சு, அந்த கனெக்டர் லூஸ் ஆகிடும். சீட்டை நகர்த்தும்போது லைட் வந்து வந்து போனா சந்தேகம் இங்கேதான். ஏர்பேக் லைட்டோட சேர்ந்து ஹாரனும் ஸ்டீயரிங் பட்டன்களும் மக்கர் பண்ணுதா? ஸ்டீயரிங்குக்குள்ள சுருள் மாதிரி இருக்கும் கிளாக் ஸ்பிரிங் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். பேட்டரி வீக் ஆகி வோல்டேஜ் இறங்கினாலும் கோளாறு கோடு பதிவாகும். புது பேட்டரி போட்ட பிறகும் ஸ்கேனர் வெச்சு அழிச்சாதான் சில வண்டிகளில் லைட் அணையும்.

ஏபிஎஸ் லைட்டுன்னா முதல் சந்தேகம் நாலு வீலிலும் இருக்கும் ஸ்பீடு சென்ஸார்கள் மேல. சேறு, துரு, இரும்புத் தூள் அடைஞ்சாலே சிக்னல் குழம்பும். சுத்தம் பண்ணினாலே சரியான கேஸ்கள் ஏராளம். வீல் பேரிங் மாத்தின மறுநாளே லைட் வந்தா, பேரிங்கைத் திருப்பிப் போட்டுட்டாங்களான்னு கேளுங்க. சில மாடல்களில் சென்ஸார் படிக்க வேண்டிய காந்த வளையம் பேரிங்கோட ஒரு பக்கத்துலதான் இருக்கும். ஏபிஎஸ் லைட் மட்டும் எரிஞ்சா சாதாரண பிரேக் வேலை செய்யும், ஆனா சடன் பிரேக்கில் வீல் லாக் ஆகலாம். கூடவே சிவப்பு பிரேக் லைட்டும் எரிஞ்சா வண்டியை ஓரங்கட்டுறதுதான் புத்திசாலித்தனம்.

ஆன்லைனில் கிடைக்குற சின்ன புளூடூத் ஸ்கேனரை வாங்கி வெச்சிருக்கீங்களா? நல்லது, ஆனா அது பெரும்பாலும் 'பி' எழுத்தில் ஆரம்பிக்கும் இன்ஜின் கோடுகளைத்தான் படிக்கும். ஏர்பேக் கோடு 'பி'க்கு அடுத்த வீட்டுக்காரன், ஆங்கிலத்தில் இரண்டாவது எழுத்து. ஏபிஎஸ் கோடு மூணாவது எழுத்து. இதெல்லாம் படிக்க அந்தந்த கம்பெனிக்கான ஸ்கேனர் வேணும். இன்னொண்ணு, யூடியூப் பார்த்துட்டு ஸ்டீயரிங் ஏர்பேக்கைக் கழட்டாதீங்க, ப்ளீஸ். உள்ளே இருப்பது வெடிமருந்து வகையறா. பேட்டரியைக் கழட்டினாலும் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கும் கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் சார்ஜ் நிற்கும். விபத்துல பேட்டரி நசுங்கினாலும் பை விரியணும்னுதான் அப்படி வெச்சிருக்காங்க. மல்டிமீட்டரை ஏர்பேக் மேல வெச்சு அளக்குறதெல்லாம் விபரீத விளையாட்டு.

மெக்கானிக் அண்ணன் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னைத் தூங்கவிடலை. ஏர்பேக்கைப் பற்றவைக்கும் பகுதியோட மின்தடை சில ஓம்தான். கம்ப்யூட்டர் பார்க்குறது அந்தத் தடையைத்தான். விபத்துல விரிஞ்ச ஏர்பேக்கைத் தூக்கிட்டு, அந்த இடத்துல சில ரூபாய் ரெசிஸ்டர் ஒண்ணைச் சொருகினா போதும். லைட் சமத்தா எரிஞ்சு அணையும். ஸ்கேனர்லயும் கோளாறு காட்டாது. அதனால லைட்டை மட்டும் நம்பாம டேஷ்போர்டு மூடியில் ஒட்டு, மடிப்பு, நிற வித்தியாசம் இருக்கான்னு பாருங்க. சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பாருங்க. பாதியில் இறுகி நின்னா பிரிடென்ஷனர் ஏற்கெனவே வெடிச்ச பெல்ட்டா இருக்கலாம். ஏர்பேக் கம்ப்யூட்டரில் விபத்துப் பதிவு இருக்கான்னு சர்வீஸ் சென்டரில் படிக்கச் சொல்லுங்க.

சென்னைக்காரங்களுக்கு எக்ஸ்ட்ரா ஒரு பயம் உண்டு. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் எத்தனை கார் மூழ்குச்சுன்னு நாம கண்ணால பார்த்தோம். ஏர்பேக் கம்ப்யூட்டர் பல கார்களில் கியர் லீவருக்குக் கீழே, தரையை ஒட்டி இருக்கும். சீட் அடி கனெக்டரும் தரையில்தான். கார்பெட்டைக் காயவெச்சு, சென்ட் அடிச்சு வித்துடலாம். கனெக்டர் பின்னில் பச்சை பூத்தா மாசக்கணக்குல கழிச்சுதான் தெரியும். கார்பெட்டைத் தூக்கிப் பார்க்க விடாத புரோக்கர்கிட்ட வாங்காதீங்க, அவ்வளவுதான்.

புது காருக்கும் இது பொருந்தும். 2023 ஜனவரியில் மாருதி சுஸூகி, ஏர்பேக் கன்ட்ரோலரில் குறை இருக்கலாம்னு 17,362 கார்களைத் திரும்ப அழைச்சது. பார்ட் மாத்துற வரைக்கும் வண்டியை ஓட்டவே வேணாம்னும் சொன்னது. ரீகால் வேலைக்குப் பணம் கிடையாது. கம்பெனி வெப்சைட்டில் சேஸிஸ் நம்பரைப் போட்டா உங்க வண்டி லிஸ்ட்ல இருக்கான்னு தெரிஞ்சிடும். செகண்ட் ஹேண்டில் வாங்குறவங்க கட்டாயம் பார்க்கணும், ஏன்னா கம்பெனியோட எஸ்எம்எஸ் பழைய ஓனர் போனுக்குத்தான் போயிருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வெச்ச ஏடாஸ் கார்னா, முன் கண்ணாடி மாத்தினதும் கேமராவைக் கேலிபரேஷன் பண்ணினாங்களான்னு பில்லில் பாருங்க.

நண்பன் அந்த காரை வாங்கலை. புரோக்கர்கிட்ட ஏர்பேக் லைட்டைப் பற்றிக் கேட்டப்போ, "அதெல்லாம் யார் சார் பார்க்குறா"ன்னு சிரிச்சார். ரெண்டு வாரம் அந்த விளம்பரம் அதே போட்டோவோட ஆப்ல இருந்தது. மூணாவது வாரம் 'விற்கப்பட்டது'ன்னு மாறிடுச்சு.