அரைத்தேர் வீரனும் அரைப்பேரும்

கற்பனை உலகொன்றைத் தாமே படைத்து, அவ்வுலகில் உலவும் மாந்தரையும் தேவரையும் அரக்கரையும் வலிமை வரிசையில் நிறுத்திப் பார்க்கும் ஆர்வம் இளையோர் பலரிடம் காணப்படுகின்றது. கதையின் முதல் வரி எழுதப்படுமுன்னரே பட்டியல் எழுதப்பட்டு விடுகின்றது. இன்னான் முதனிலை வீரன், இன்னான் ஏழாம் நிலையினன், இன்னானை இன்னான் ஒருபோதும் வெல்லல் இயலாது என்று யாவும் முன்னரே முடிந்துவிடுகின்றன. பின்னர் எழுதப்படும் கதை, அப்பட்டியலுக்கு வரையப்படும் உரையேயன்றி வேறன்று. இதனைத் தீங்கற்ற பொழுதுபோக்கு என்பர் சிலர். தீங்கற்றதன்று, இலக்கியத்துக்கும் தீங்கு, இலக்கியத்தைப் பயில்வோரின் மனப்பாங்குக்கும் தீங்கு.

இவ்வழக்கத்தின் அண்மைக் கால வரலாறு விளையாட்டிலிருந்து தொடங்குகின்றது. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ‘டஞ்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரத்தின் உடல் வலிமையும் அறிவும் பிறவும் மூன்று பகடைகளை உருட்டி, 3 முதல் 18 வரையான எண்களாற் குறிக்கப்பட்டன. விளையாட்டுக்கு எண் வேண்டும். வென்றவர் யாரெனப் பிணக்கின்றித் தீர்த்தாக வேண்டும். ஆனால் கதைக்கு அத்தேவை இல்லை. யப்பானிய ஓவியக் கதைஞர் அகிரா தோரியாமா 1984 முதல் 1995 வரை வரைந்த ‘டிராகன் போல்’ தொடரில், எதிரியின் வலிமையை எண்ணாகக் காட்டும் கருவியொன்று இடையில் நுழைகின்றது. தம் வலிமையை மறைக்கக் கற்றோர் முன் அக்கருவி பொய்த்துப் போகின்றது. அதனை நம்பியோர் ஏமாறுகின்றனர். நாளடைவில் ஆசிரியரே எண்களைக் கைவிட்டார். பட்டியற்காரரின் பெருங்களஞ்சியமாகக் கொள்ளப்படும் ஒரு படைப்பே பட்டியலின் தோல்வியைக் காட்டி நிற்பது கருத்திற் கொள்ளற்பாலது.

வரிசைப்படுத்தல் வியாசருக்கும் தெரிந்ததே என்பது பட்டியற்காரரின் முதல் அரண். அது உண்மையே. உத்தியோக பருவத்தில், போர் தொடங்குமுன் இருபுறத்து வீரரையும் தரம் பிரித்துக் கூறுமாறு துரியோதனன் வேண்ட, வீடுமர் இரதன், அதிரதன், மகாரதன் என ஒவ்வொருவராகக் கணக்கிடுகின்றார். கர்ணனின் முறை வருகின்றது. உடன்பிறந்த கவச குண்டலங்களை இழந்தவன், பரசுராமரின் சாபத்துக்கு ஆளானவன் எனக் காரணங்கள் காட்டி, அவன் முழு இரதனுமல்லன், அர்த்தரதன், அதாவது அரைத்தேர் வீரன் என்கின்றார். துரோணரும் அதனை ஆமோதிக்கின்றார். கர்ணன் கொதித்தெழுந்து, வீடுமர் உயிரோடிருக்கும்வரை தான் போர்க்களம் புகுவதில்லை எனச் சூளுரைக்கின்றான். விளைவு யாது? பதினெட்டு நாட் போரிற் பத்து நாட்கள், தன் தலைசிறந்த வில்லாளனைப் பாசறையிற் குந்தவைத்துவிட்டுக் கௌரவர் படை போரிட்டது.

இதனைப் பாரதத்தின் ‘வலிமை அட்டவணை’ என எடுத்துக்காட்டுவோர் அதன் பின்கதையை வசதியாக மறந்துவிடுகின்றனர். அம்புப் படுக்கையிற் கிடக்கும் வீடுமரைக் கர்ணன் தனியே சென்று காண்கின்றான். அப்போது அவர், அவனது செருக்கைத் தணிப்பதற்காகவே கடுஞ்சொல் கூறியதாகவும், வில்வன்மையில் அவன் அருச்சுனனுக்கும் கண்ணனுக்கும் நிகரானவன் என்றும் ஒப்புக்கொள்கின்றார். ஆகவே, அன்று சபையிற் சொல்லப்பட்டது அளவீடன்று. ஒரு முதியவர் ஓர் இளையவனை அடக்கக் கையாண்ட ஆயுதம். வியாசர் வரிசையைத் தம் வாக்காகத் தரவில்லை; சார்பும் வெறுப்பும் உள்ள ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்தார். வரிசைப்படுத்தல் அங்கே கதைக்கு முன்னிற்கும் சட்டமன்று, கதையினுள் நிகழும் ஒரு செயல். தேரோட்டியின் மகன் என வளர்ந்தவனுக்கு ‘அரை’ என்ற சொல் எத்தகைய வடுவென்பதை விளக்கவும் வேண்டுமோ?

பேராதனைக்கு இவ்வுண்மை புதியதன்று. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் நாட்டுக்கூத்தைச் செம்மைப்படுத்தி இப்பல்கலைக்கழக அரங்குக்குக் கொணர்ந்தபோது மேடையேறியவற்றுள் கர்ணன் போர், இராவணேசன், வாலி வதை ஆகிய மூன்றும் அடங்கும். மூன்றும் வலிமைப் பட்டியலுக்கு எதிரான மூன்று சாட்சியங்கள் எனலாம். கர்ணன் கதை மேலே கூறப்பட்டது. இராவணன் வரம் கேட்டபோது தேவர், இயக்கர், நாகர் எனத் தன்னைக் கொல்லத்தக்கோரை வரிசைப்படுத்தினான். மனிதரைத் துரும்பென எண்ணி விட்டுவிட்டான். பட்டியலில் இடம்பெறத் தகுதியற்றவன் என அவன் ஒதுக்கிய இனத்திலிருந்தே அவன் முடிவு வந்தது. வாலியோ எண்ணுக்கே அடங்காதவன். எதிர்த்து வருபவனின் வலிமையிற் பாதி அவனைச் சேரும் என்கிறார் கம்பர். எதிரிக்கேற்ப மாறும் வலிமைக்கு எந்த நிலை எண்ணை இடுவது? அவனை வீழ்த்த மறைந்து நின்று அம்பெய்ய நேர்ந்தது. அதனால் எழுந்த அறவினாவே அக்கதையின் உயிர். ‘இராமன் பெரியவனா, வாலி பெரியவனா?’ என்று கேட்பவன் அவ்வினாவைக் கேளாமலே போய்விடுகின்றான்.

வரிசை வலிமையைக் காட்டுவதன்று, வரிசையிடுவோரைக் காட்டுவது என்பதற்குக் கண்டி நகரின் எசல பெரஹராவே சான்று. தலதா மாளிகையின் ஊர்வலம் முன்செல்ல நாதர், விஷ்ணு, கதிர்காமக் கடவுள், பத்தினி ஆகியோரின் தேவாலய ஊர்வலங்கள் இவ்வொழுங்கிலேயே தொடர்கின்றன. தேவர்க்குரியதாயிருந்த அவ்விழாவில் தந்த தாது முதலிடம் பெற்றது கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் (1747–1782). அரசவை ஒழுங்கை மாற்றிற்று; தேவரின் ஆற்றல் ஒருநாளிற் குறைந்துவிடவில்லை. மதுரையை எரித்த கண்ணகியே இங்குப் பத்தினித் தெய்வமாகி வரிசையின் ஈற்றில் வருகின்றாள். அதனால் அவளை ஆற்றல் குறைந்தவள் என எந்த அடியவரும் கருதுவதில்லை.

‘அரை’ என்னும் சொல் ஏட்டோடு நின்றுவிடுவதுமன்று. பேராதனை வளாகத்தின் மேலெழும் ஹந்தானை மலைச்சரிவுகளிலும் கண்டியைச் சூழ்ந்த ஏனைய தோட்டங்களிலும் ஒரு நாள் வேலைக்குரிய கூலி ‘பேர்’ எனப்படும். கொய்த கொழுந்தின் நிறை, விதித்த அளவிற் குறைந்தால் அன்று இடப்படுவது ‘அரைப்பேர்’. மலையின் செங்குத்தையோ, மழையையோ, கொழுந்து விடாத செடியையோ தராசு அறியாது. நாள் முழுதும் நின்ற பெண், மாலையில் அரை ஆளாகின்றாள். 1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னர் தீர்மானிக்கலாமென ஒதுக்கிவைத்தது. மனிதரை எண்ணாக்குவதன் முடிவு எதுவென்பதை இம்மண் அறிந்த அளவுக்கு அறிந்த மண் அரிது.

அத்தோட்டங்களிலேயே அருச்சுனன் தபசு கூத்தாக ஆடப்பட்டு வருகின்றது. பாசுபதம் வேண்டித் தவமிருக்கும் வீரன் முன் வேடனொருவன் தோன்றிப் பன்றிக்கு உரிமை கோருகின்றான். வேடன்தானே என இகழ்ந்து பொருத அருச்சுனன் தோற்கின்றான். வேடனாய் வந்தவன் சிவன். தோற்ற பின்னரே அவனுக்குப் படைக்கலம் கிட்டுகின்றது. இழிந்தோன் என மதிக்கப்பட்டவனிடம் தோற்று வலிமை பெறும் ஒருவனைக் காட்டும் இக்கதையை, அரைப்பேர் வாங்கிய மக்கள் விடிய விடிய ஆடியும் கண்டும் வந்துள்ளனர். அவர்களின் இலக்கிய நுகர்ச்சி பட்டியற்காரரினுடையதிலும் ஆழமானது என்பதில் ஐயமில்லை.

ஒழுங்கு இல்லாத கற்பனையுலகம் குலைந்துபோகும், இடர் எத்தகையதென வாசகர் அறிய வேண்டும் என வாதிப்போரும் உளர். ஒழுங்கு வேண்டியதே. ஆனால் கதைக்கு வேண்டிய ஒழுங்கு வரம், சாபம், சூளுரை, கடன், உறவு என்பவற்றின் ஒழுங்கு. வீடுமரை வீழ்த்தியது அவரினும் மேம்பட்ட வலிமையன்று. சிகண்டியை எதிர்த்து அம்பு தொடேன் என்ற அவரது உறுதியே. அவ்வுறுதிக்கு எந்த அட்டவணையிலும் நிரல் இல்லை.

புதிய உலகங்களைப் படைக்க விழையும் இளைஞர் தாராளமாகப் படைக்கட்டும். தமிழுக்கு அவை வேண்டும். அவ்வுலகில் ஒருவன் இன்னொருவனை ‘அரை வீரன்’ என்று சொல்வதாயின், சொன்னவன் யார், ஏன் சொன்னான், கேட்டவன் என்ன செய்தான் என்பதை எழுதட்டும். அதுவே கதை. படைப்போனே தராசைக் கையிலெடுத்துத் தன் மாந்தருக்கு அரைப்பேர் இடுவானாயின், அவன் கவிஞனல்லன், கணக்கப்பிள்ளை.