அடிச்சது யாருன்னு எழுதுனியா?

தோழர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. நம் பத்திரிகை, துண்டறிக்கை, புகார் மனு எதுவும் நம் சனங்களுக்கு விளங்குவதில்லை. 'படிப்பறிவில்லாத மக்கள்' என்று பழியை அவர்கள் தலையில் கட்டிவிட்டு நாம் அடுத்த இதழுக்குப் போய்விடுகிறோம். பழி நம்முடையது. முதலில் என்னுடையது.

ஒரு வன்கொடுமைப் புகாரை நான்தான் எழுதினேன். கூலி பாக்கி கேட்ட ஒரு அக்காவை டீக்கடை வாசலில் வைத்து, சாதியைச் சொல்லித் திட்டி, மயிரைப் பிடித்து இழுத்துப் போட்டிருக்கிறான் நிலக்காரன். நான் எழுதியது இது: 'ஆதிக்கச் சாதி வெறியர்களால் மனுதாரர் சாதிய வன்மத்துடன் இழிவுபடுத்தப்பட்டு கொடூரமாகத் தாக்கப்பட்டார்.' எனக்கே கைதட்டத் தோன்றிய வாக்கியம். கைநாட்டு வாங்குமுன் வாசித்துக் காட்டினேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எல்லாஞ் சரி தம்பி. அடிச்சது யாருன்னு எழுதுனியா?"

எழுதவில்லை.

"என்ன சொல்லித் திட்டுனான்னு எழுதல. டீக்கடையில பத்துப் பேரு பாத்துக்கிட்டு நின்னாங்க, அதயும் எழுதல. அப்பறம் என்னத்தத் தம்பி எழுதுன?"

நடை அழகுக்காக அந்த அக்கா கேட்கவில்லை. வழக்கே அதில்தான் நிற்கிறது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் அதன் 2015 திருத்தத்திலும் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது குற்றம். வீட்டின் நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது திட்டியதாகச் சொல்லும் புகாருக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியானால் எந்த இடம், என்ன வார்த்தை, யார் பார்த்தார்கள்? என் கைதட்டல் வாக்கியத்தில் இடமும் இல்லை, வார்த்தையும் இல்லை, சாட்சியும் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் காசு கொடுத்து எழுதி வாங்கியிருந்தாலும் இவ்வளவு நன்றாக அமைந்திருக்காது.

இந்தப் 'பட்டது' நம்மைப் பிடித்த பீடை. 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணியில் 44 பேர் 'எரிக்கப்பட்டனர்' என்று நாமும்தான் வருசாவருசம் எழுதுகிறோம், நெருப்பு தானாக நடந்துபோய்க் குடிசைக்குள் நுழைந்த மாதிரி. மிராசுதாரர்களும் அடியாட்களும் கொளுத்தினார்கள் என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. தினசரிக்காரன் 'இரு பிரிவினரிடையே மோதல்' என்று எழுதுவதில் அவனுக்கு ஆதாயம் இருக்கிறது. நமக்கு என்ன கேடு?

அடுத்தது நம் கலைச்சொல் மோகம். 'பிரதி' என்கிறோம், எங்கள் ஊரில் பிரதி என்றால் ஜெராக்ஸ். 'கட்டுடைப்பு' என்று கூட்டத்தில் பேசியபோது பின்னாலிருந்து ஒரு பெரியவர் "எந்த ஏரிடா ஒடஞ்சுது?" என்று கேட்டார். சிரித்தோம். வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

இங்கிலீசில் இதற்குக் கணக்கே வைத்திருக்கிறார்கள். ருடால்ஃப் ஃப்ளெஷ் 1948இல் போட்ட சூத்திரம்: வாக்கியத்துக்கு எத்தனை சொல், சொல்லுக்கு எத்தனை அசை என்று எண்ணினால் எழுத்து எளிதா கடினமா தெரிந்துவிடுமாம். அதை அப்படியே தமிழுக்குத் தூக்கிவந்தால் உதவாது. 'வந்துக்கிட்டிருந்தாங்களே' என்பது எவ்வளவு நீளம்! பச்சப்புள்ளைக்கும் விளங்கும். 'பிரதி' மூணே எழுத்து.

நமக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். யாரைப் பற்றி எழுதினோமோ அவர்களுக்கே வாசித்துக் காட்ட வேண்டும். வாயால் சொன்ன புகாரை எழுதி, சொன்னவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தின் 173ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. போலீஸ்காரனுக்கே விதித்த வேலை இது. விடுதலை பேசும் நாம் செய்வதில்லை.

எளிமையாக எழுதினால் தத்துவம் நீர்த்துப்போகும் என்று ஒரு தோழர் சண்டைக்கு வருகிறார். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். பௌத்தம், வரலாறு, சொல்லாராய்ச்சி என்று கனமான சரக்கு. கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் அதற்கு வாசகர்களாக இருந்தார்கள். கனமானதை நம் சனம் தாங்கும் தோழரே. தெளிவில்லாததைத்தான் தாங்காது. 1992இல் 'கருக்கு' வந்தபோது இதெல்லாம் ஒரு தமிழா என்று முகம் சுளித்தவர்களோடு நாம் சண்டை போட்டோம். போட்டுவிட்டு, நம் அறிக்கையை மட்டும் அவர்கள் தமிழிலேயே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அந்த மனுவைக் கிழித்துவிட்டு அக்கா சொல்லச்சொல்ல எழுதினேன். இரண்டரைப் பக்கம் ஒரே பக்கமானது. அவன் பேர், அப்பன் பேர், டீக்கடை, சாயங்காலம் எத்தனை மணி, கூசாமல் அவன் சொன்ன அந்த வார்த்தை, நின்று பார்த்தவர்களில் நாலு பேர் பெயர். திரும்ப வாசித்தேன். மணியை மட்டும் திருத்தச் சொல்லிவிட்டு விரலை மையில் வைத்தார்.

இந்தக் கட்டுரையையும் அவருக்கு வாசித்தேன். "மத்ததெல்லாஞ் சரி, நடுவுல அந்த வெள்ளக்காரன் கணக்கு எதுக்கு?" என்றார். மாணவர்களுக்காக இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன். அக்காவுக்கு அதில் இன்னும் சம்மதமில்லை.