பொறிவண்டுக்குப் பேரு இருக்கு, அதோட புழுவுக்கு இல்ல

பொறிவண்டை உங்களுக்கு நல்லாத் தெரியும். நீங்க லேடிபேர்டுன்னு சொல்லுவீங்க. பிள்ளைங்க சட்டையில, பென்சில் டப்பாவுல எல்லாம் அதுதான். அந்தப் பேருல வர்ற லேடி, மாதா மரியாள். ஐரோப்பாவுல ஏழு புள்ளி வண்டைப் பார்த்து, மாதாவோட ஏழு துயரம்னு சொல்லுவாங்களாம்.

இந்த மரியாதை எல்லாம் வளர்ந்த வண்டுக்குத்தான். அதோட புழுவை எத்தனை பேருக்கு அடையாளம் தெரியும்? கறுப்பா, அங்கங்க மஞ்சள் திட்டோட, ஆறு காலு வச்சு ஓடும். பார்க்க முதலைக் குட்டி மாதிரி இருக்கும். அசுவினியைத் தின்னு தீர்க்குறதுல அதுதான் சூரன். வண்டாகுறதுக்குள்ள நூத்துக்கணக்குல தின்னுடும்.

எங்க ஊருல அதுக்குத் தனியா ஒரு பேரு கிடையாது. வெறும் "புழு". புழுன்னு சொன்னாலே கை தெளிப்பானைத் தேடுது. கடையில போய் "அவரையில புழு விழுந்திருக்கு"ன்னா, என்ன புழுன்னு யாரும் கேக்குறதில்ல, ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுறாங்க. விஷத்துக்கு மருந்துன்னு பேரு. காப்பாத்த வந்ததுக்குப் பேரே இல்ல.

அடிச்சா என்ன ஆகும்? ரெண்டும் சாகும். ஆனா அசுவினி ஆணோட சேராமலே குட்டி போடும், சீக்கிரம் திரும்பிடும். பொறிவண்டு முட்டை வச்சு, புழுவாகி, கூட்டுப்புழுவாகி வர்றதுக்கு வாரக்கணக்கு ஆகும். அதுக்குள்ள ரெண்டாவது பாட்டில் வாங்கியாச்சு.

அதுக்காகப் புள்ளி இருந்தாலே நல்லதுன்னும் சொல்ல முடியாது. கத்தரி இலையைச் சுரண்டிச் சல்லடை ஆக்குற 28 புள்ளி வண்டும் இதே குடும்பம்தான். அதுல பளபளப்பு இருக்காது, சன்னமா முடி இருக்கும். அதோட புழு மஞ்சளா, உடம்பெல்லாம் முள்ளா இருக்கும். பேரு சரியா இருந்தாத்தான் எதை விடணும், எதைப் பொறுக்கி எடுக்கணும்னு தெரியும்.

உங்களுக்கும் இதுல பங்கு இருக்கு. விஷமில்லாத காய் வேணும்னு கேக்குறீங்க. ஆனா அவரைக்காயில நாலு அசுவினி ஒட்டியிருந்தா திருப்பி வச்சிடுறீங்க. அசுவினி கொஞ்சமும் இல்லாத தோட்டத்துல பொறிவண்டு எதைத் தின்னு உசிரோட இருக்கும்? தண்ணியில அலசினாப் போயிடுற பூச்சிக்குப் பயந்து, அலசினாலும் முழுசாப் போகாத விஷத்தை வாங்கிட்டுப் போறீங்க.

பிள்ளைங்களுக்கு வண்டு படத்தோட அந்தப் புழு படத்தையும் காட்டுங்க. நான் அதைக் குட்டி முதலைன்னு சொல்றேன். இதைவிட நல்ல பேரு இருந்தா வைங்க. பேரு இல்லாததைக் கொல்றது ரொம்ப சுலபமா இருக்கு.