குற்றம் லென்ஸிலா, அளவீட்டிலா?

திருமண ஆல்பம் வீட்டுக்கு வந்ததும் நம்மவர்கள் முதலில் சொல்லும் குறை ஒன்று உண்டு: "முகமே தெரியலையே, கறுத்துப் போயிருக்கே!" படம் எடுத்த தம்பி லென்ஸைக் குறை சொல்வார். "வேறு கம்பெனி லென்ஸ் போட்டால் பிளாஷ் சரியாக வேலை செய்யாது, ஒரிஜினல் வாங்குங்கள்" என்பார் கடைக்காரர். ஒரிஜினல் லென்ஸின் விலையோ பல வேளைகளில் இரண்டு மடங்கு.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வார இறுதிகளில் திருமணம், காதணி விழா, அரங்கேற்றம் என்று படம் பிடித்துச் சிறுகச் சிறுகத் தொழில் கற்கும் இளைஞர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோர் சிக்மா, தம்ரோன், தொக்கினா போன்ற வேறு நிறுவன லென்ஸ்களுடன்தான் தொடங்குகிறார்கள். கடன் வாங்கி லென்ஸை மாற்றுவதற்கு முன் அவர்கள் ஓர் அறிவியல் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. பிளாஷ் எவ்வளவு ஒளி தர வேண்டும் என்று கேமரா எப்படி முடிவு செய்கிறது?

முன்பு அதற்கு எளிய வழி இருந்தது. 1975-இல் வந்த ஒலிம்பஸ் ஓஎம்-2 கேமரா, படச்சுருளில் பட்டுத் திரும்பும் ஒளியை அந்த நொடியிலேயே அளந்து, போதும் என்றதும் பிளாஷை அணைத்தது. டிஜிட்டல் சென்சார் படச்சுருளைப் போல ஒளியைத் திருப்புவதில்லை. அதனால் இன்றைய கேமராக்கள் படத்துக்குச் சற்று முன் ஒரு சிறு மின்னலை அனுப்பி, திரும்பி வரும் ஒளியை லென்ஸ் வழியாக அளக்கின்றன. சிலருக்குப் படத்தில் கண் பாதி மூடியிருப்பது இந்த முன்மின்னலால்தான்.

இங்கேதான் லென்ஸ் பேச வேண்டியிருக்கிறது. கண்ணாடி வைத்த எஸ்எல்ஆர் கேமராக்களில் முன்மின்னலின்போது லென்ஸின் துளை முழுதாகத் திறந்திருக்கும். படம் எடுக்கும்போதுதான் எஃப் 8, எஃப் 5.6 என்று சுருங்கும. ஆகவே, "இப்போது என் துளை இவ்வளவு, சுருங்கியபின் இவ்வளவு" என்று லென்ஸ் சொல்வதை நம்பியே கேமரா கணக்குப் போடுகிறது. பல லென்ஸ்கள் குவியம் எத்தனை மீட்டரில் விழுந்திருக்கிறது என்றும் சொல்லும். நிக்கோன் 1992 முதல் தன் 'டி' வகை லென்ஸ்களின் தூரத் தகவலைப் பயன்படுத்தியது. கேனன் 2004-இல் கொண்டுவந்த இ-டிடிஎல் 2 முறையும் அப்படியே. வேறு நிறுவன லென்ஸ் இந்தத் தகவலைத் தவறாகச் சொன்னாலோ, மின்தொடர்பே இல்லாத கைமுறை லென்ஸாக இருந்தாலோ, கணக்கு பிசகலாம். கடைக்காரர் சொல்வதில் இந்த அளவு உண்மை உண்டு.

ஆனால் முழு உண்மை அதுவன்று. பிளாஷை விட்டத்தை நோக்கித் திருப்பி அடிக்கும்போது, ஒளி சுற்றி வருவதால் லென்ஸ் சொல்லும் தூரம் கேமராவுக்குப் பயன்படாது. கேனனிலும் நிக்கோனிலும் அந்தத் தகவல் கணக்கில் சேர்வதில்லை. வெள்ளை விட்டமுள்ள மண்டபத்தில் அப்படி எடுத்த படத்திலும் முகம் இருண்டிருந்தால், தூரத் தகவலைக் குறை சொல்ல இடமில்லை.

அப்படியானால் குற்றம் எங்கே? ஒளியளவியின் அடிப்படை அனுமானத்தில். எதிரே இருப்பது சராசரியில் நடுத்தரச் சாம்பல் நிறம், அதாவது விழும் ஒளியில் சுமார் 18 விழுக்காட்டைத் திருப்புவது என்ற கணக்கில்தான் ஒளியளவிகள் காலங்காலமாக அமைக்கப்பட்டு வந்துள்ளன. நம் திருமண மேடையை நினைத்துப் பாருங்கள். வெள்ளை வேட்டி சட்டை, சரிகைப் பட்டு, பொன் நகை. அளவுக்கு மேல் ஒளி திரும்பி வருகிறது. கேமரா பிளாஷைக் குறைக்கிறது. வேட்டி சாம்பலாகிறது, மாநிற முகம் இருளில் மூழ்குகிறது. மாறாக, கறுத்த முகம் மட்டும் சட்டத்தை நிறைத்தால் கேமரா ஒளியைக் கூட்டி அதை வெளிறச் செய்கிறது. தைப்பூசத்தையொட்டி இரவில் பத்துமலைக்குப் புறப்படும் வெள்ளி இரதத்தை பிளாஷ் போட்டு எடுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: வெள்ளி பளீரென்று ஒளியைத் திருப்ப, சுற்றி நிற்கும் முகங்கள் நிழலாகிவிடும். இந்த அனுமானம் ஒரிஜினல் லென்ஸுக்கும் உண்டு. தூரத் தகவல் அதை ஓரளவு திருத்தும், ஒழிக்காது.

படக்கலை நம் நிறத்தைக் கணக்கில் எடுக்காதது புதிதன்று. 1950களில் கோடாக் நிறுவனம் அச்சகங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி அட்டை'யில் வெள்ளைத் தோலுடைய பெண்ணின் படமே இருந்தது. அந்த நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கொள்ளப்பட்டது. பல இனப் பெண்களைக் கொண்ட அட்டை 1990களில்தான் வந்தது. இருண்ட முகத்தைக் கணினியில் இழுத்து வெளுக்க வைப்பது இதற்குத் தீர்வாகாது. பதிவாகாத விவரம் திரும்பி வராது. சாம்பல் பூசியது போன்ற தோலும் புள்ளி புள்ளியாய் இரைச்சலுமே மிஞ்சும். பாட்டியின் முகம் பேரப்பிள்ளைகளுக்கு அப்படியா போய்ச் சேர வேண்டும்?

உங்கள் லென்ஸ் குற்றவாளியா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். இரவில், விளக்கைக் குறைத்த அறையில், 2 மீட்டர் தூரத்தில் ஒரு சாம்பல் அட்டையை வையுங்கள். கேமராவை முக்காலியில் நிறுத்தி, மேனுவல் முறையில் 1/125 வினாடி, ஐஎஸ்ஓ 100 என்று வைத்து, பிளாஷை மட்டும் தானியங்கியாக விடுங்கள். எஃப் 4, எஃப் 5.6, எஃப் 8 என மூன்று படம் எடுங்கள். மூன்றும் ஒரே வெளிச்சத்தில் இருந்தால், லென்ஸ் தன் துளையைச் சரியாகச் சொல்கிறது என்று கொள்ளலாம். படிப்படியாக இருண்டாலோ வெளுத்தாலோ லென்ஸைச் சந்தேகியுங்கள். பிறகு அட்டை இருந்த இடத்தில் வெள்ளைத் துண்டையும் கறுப்புத் துணியையும் வைத்துச் சட்டம் நிறைய எடுங்கள். இரண்டும் சாம்பலை நோக்கி நகர்ந்தால் அது லென்ஸின் பிழையன்று, அளவியின் இயல்பு.

இயல்பு தெரிந்தால் மருந்தும் எளிது. வெள்ளை உடை நிறைந்த காட்சிக்கு பிளாஷ் ஈடுசெய்தலை ஒரு படி கூட்டுங்கள். உங்கள் கேமராவில் பிளாஷ் அளவைப் பூட்டும் பொத்தான் இருந்தால், முகத்தை அளந்து பூட்டிவிட்டுச் சட்டத்தை அமையுங்கள். லென்ஸ் வாய் திறக்காவிட்டாலும் வழி உண்டு. பிளாஷுக்கு வழிகாட்டி எண் என்று ஒன்று உண்டு. அது ஐஎஸ்ஓ 100-இல் 40 மீட்டர் என்றால், முழு வலுவில் நேராக அடிக்கும்போது 40-ஐத் தூரத்தால் வகுத்தால் துளை எண் கிடைக்கும். 5 மீட்டருக்கு எஃப் 8, 10 மீட்டருக்கு எஃப் 4. தூரம் இரட்டித்தால் ஒளி கால்பங்காகிறது. துளை எண் பாதியானால் உள்ளே வரும் ஒளி நான்கு மடங்காகி அதை ஈடுகட்டுகிறது. படிவம் 4 இயற்பியலில் ஈர்ப்பு விசைக்காக நாம் படிக்கும் அதே தலைகீழ் இருபடி உறவுதான் இது. 1970களில் புகழ்பெற்ற விவிட்டார் 283 போன்ற பிளாஷ்கள் தம் முகப்பிலேயே ஓர் ஒளியுணரியை வைத்துக்கொண்டு, லென்ஸிடம் எதுவும் கேட்காமலே வேலை பார்த்தன.

நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு. கேமராவும் லென்ஸும் பேசும் மொழியைப் பூட்டி வைப்பதால், மற்ற நிறுவனங்கள் அதைத் தாமே ஊகித்து லென்ஸ் செய்ய வேண்டியிருந்தது. பழைய சிக்மா லென்ஸ்கள் சில, பின்னர் வந்த கேனன் கேமராக்களில் பிழைச் செய்தி காட்டி நின்றது இப்படித்தான். ஒலிம்பஸும் பானசோனிக்கும் 2008-இல் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற பொதுத்தரத்தைக் கொண்டுவந்தன. சோனி 2011-இல் தன் இ-மவுண்டின் அடிப்படை விவரங்களை மற்ற தயாரிப்பாளர்களுக்குக் கட்டணமின்றித் திறந்துவிட்டது. கேனனின் ஆர்எஃப் கேமராக்களுக்கு உரிமத்துடன் லென்ஸ் செய்வதாகச் சிக்மாவும் தம்ரோனும் அறிவித்தது 2024-இல்தான். திறந்துவிட்டதால் எவரும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. காசு கொடுத்துக் கேமரா வாங்கியவருக்கு, அதில் எந்த லென்ஸ் எவ்வளவு பேசும் என்று அறியும் உரிமை வேண்டும்.

ஆசிரியர்களான எங்களுக்கும் பங்குண்டு. குவிவில்லைக் கணக்கை எஸ்பிஎம் தேர்வுக்காக மட்டும் போடவைக்காமல், மேலே சொன்ன வெள்ளைத் துண்டுச் சோதனையை வகுப்பில் ஒருமுறை செய்து காட்டலாம். ஒரு பிளாஷும் இரண்டு துணியும் போதும். தானியங்கி இயந்திரத்தின் தீர்ப்புக்குப் பின்னால் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது என்பதை மாணவர் தம் கண்ணாலேயே பார்ப்பார்.

தம்பி தங்கைகளே, அடுத்த லென்ஸுக்குப் பணம் சேர்ப்பதற்கு முன் ஒரு சாம்பல் அட்டை வாங்குங்கள். சில ரிங்கிட்தான் ஆகும். அதில் சோதித்த பிறகும் லென்ஸ்தான் குற்றவாளி என்று தெரிந்தால், தாராளமாக மாற்றுங்கள்.