ஹார்ட் டிஸ்க்கில் எருமை மேயுமா?

பழங்குடிகளின் பாட்டும் சடங்கும் அழிகின்றன என்று யாராவது சொன்னால் போதும், நம் ஊரில் உடனே ஒரு யோசனை கிளம்பும்: “சீக்கிரம் ரெக்கார்டு பண்ணி வைங்க.” கேமராவோடு நாலு பேர் மலையேறுவார்கள். ஒரு பாட்டியைப் பாடச் சொல்லிப் பதிந்துகொண்டு இறங்குவார்கள். பண்பாட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பதிவுதான் காப்பு என்றால், நீலகிரித் தோடர்களைப்போல் காப்பாற்றப்பட்டவர்கள் அபூர்வம். மொத்தமே ஏறத்தாழ 2,000 பேர். அவர்களைப் பற்றி மானுடவியலாளர் ரிவர்ஸ் 1906-இல் வெளியிட்ட புத்தகம் 700 பக்கங்களைத் தாண்டும். மொழியியலாளர் எமனோ 1930-களில் கேட்டு எழுதிக்கொண்ட பாடல்கள் 1971-இல் பெருநூலாக வந்தன. தோடர்களின் எருமை மந்தைகளில் ஆகப் புனிதமானது ‘தி’ மந்தை. அதன் பூசாரி எந்தப் பாத்திரத்தை எப்படிக் கையாள்வார், யாரெல்லாம் அவரைத் தொடக்கூடாது என்பதுவரை ரிவர்ஸ் விடாமல் எழுதிவைத்தார். அப்படியொரு பூசாரி இன்று இல்லை. அந்த மந்தையின் பாலைக் கையாளும் பால்கோயில் வழக்கம் சென்ற நூற்றாண்டிலேயே நின்றுபோனது. அத்தனை பக்கங்களும் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

எமனோவைக் குறை சொல்லவில்லை. தோடர் பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது என்பது வெளியுலகுக்குத் தெரிந்ததே பெரிதும் அவரால்தான். ஆனால் அவர் காட்டியது என்ன? அது மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பாட்டல்ல. கண்முன் நடந்ததை வைத்து அப்போதே கட்டுவது. சொற்கள் இரட்டை இரட்டையாய் வரும். மந்து எனும் தோடர் குடியிருப்புக்கும் மலைக்கும் எருமைக்கும் பாட்டுக்கென்றே பெயர்கள் உண்டு. எருமை குறைந்தால் பாடுகிறவருக்குச் சொல்லே குறையும். பழைய ஒலிநாடாவை எத்தனை முறை ஓட்டினாலும் நேற்று ஈன்ற கன்றைப் பற்றி அதில் ஒரு வரி இருக்காது.

தோடர் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். பீப்பாயை நெடுக்காக அறுத்துக் கவிழ்த்ததுபோல் கூரை. தவழ்ந்துதான் நுழைய வேண்டிய வாசல். பிரம்பையும் மூங்கிலையும் வளைத்துக் கட்டி, மேலே புல் வேய்வார்கள். கண்ட புல்லும் ஆகாது; சதுப்பில் விளைகிற குறிப்பிட்ட புல்தான் வேண்டும். கூரை மாற்றும் நாட்களில்தான் இளையவர்களுக்குக் கை பழகும். அந்தப் புல்வெளி என்ன ஆயிற்று? தேயிலைக்குக் கொஞ்சம் போனது. தோல் பதனிடப் பட்டை தரும் சீகை மரத்துக்கும், தைல மரத்துக்கும் நிறையப் போனது. அணைகளும் தம் பங்குக்கு விழுங்கின. கூரை வேய்வதை எவ்வளவு துல்லியமாகப் படம் பிடித்தாலும் அந்தப் படத்தில் புல் முளைக்காது.

“இளசுகளுக்கே இதிலெல்லாம் அக்கறை இல்லை, நாம் என்ன செய்ய?” என்று ஒரு பதில் தயாராக இருக்கும். மேய்க்க இடமில்லாத பிள்ளையிடம் மேய்ச்சல் பாட்டில் அக்கறை காட்டு என்று எந்த முகத்தோடு கேட்பது? ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேலே ஒரு மந்து இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் ஏறிப்போய்க் கோயிலின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். என் கைப்பேசியிலும் அப்படி இரண்டு கிடக்கின்றன.

பூத்துக்குளி எனும் தோடர் போர்வையின் சிவப்பு, கறுப்புப் பூத்தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லதுதான்; போலிச் சரக்கு விற்கிறவனைத் தட்டிக்கேட்க உதவும். இறந்தவர் உடலைப் போர்த்துவதும் அந்தத் துணியால்தான் என்ற சேதி, அந்தப் பூத்தையலைச் செல்போன் பையாக வாங்கிப்போகிறவர்களை எட்டுவதில்லை.

யுனெஸ்கோவின் 2003-ஆம் ஆண்டு உடன்படிக்கைகூடப் பாதுகாப்பு என்பதற்கு, மரபு உயிரோடு தொடர வழிசெய்வது என்றுதான் பொருள் சொல்கிறது. ஆவணமாக்கல் அதில் ஒரு சிறு பகுதி. நம் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இன்னும் தெளிவு: மேய்ச்சல் உரிமையையும் மரபு அறிவின் மீதான உரிமையையும் ஒரே பிரிவில் வைத்திருக்கிறது. இரண்டாவதைப் பற்றிக் கருத்தரங்கு நடத்த நமக்கு ஆசை. முதலாவதைப் பேசினால் வனத்துறையோடு மல்லுக்கு நிற்க வேண்டும். அதனால்தான் கேமரா நமக்கு இவ்வளவு வசதியாக இருக்கிறது.

அடுத்த ஆவணப் படத்துக்கு நிதி கேட்டு எழுதுகிறவர்கள் விண்ணப்பத்திலேயே மூன்று விவரம் சேர்க்கட்டும்: அந்த மந்தில் இன்று எருமை எத்தனை, பக்கத்தில் மிஞ்சியிருக்கும் சதுப்பு எத்தனை ஏக்கர், அங்கே புல் அறுக்க ஒரு தோடர் யாரிடம் போய் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது.