பெயர் பழையது, சரக்கு வேறு

பருப்பு விலையும் பாமாயில் வரத்தும் எழுதுகிற ஆள் இந்த மாதம் வீடியோ கேம் பற்றி எழுத வந்துவிட்டாரே என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டுப் படியுங்கள். மேலே பார்த்தால் குழந்தைகள் சமாச்சாரம். உள்ளே இருப்பது நம் கடைச் சமாச்சாரம்தான்.

எமது அக்காள் மகன் சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறார். பொங்கலுக்குக் குடும்பத்தோடு வந்திருந்தபோது அவருடைய சின்னப் பையன் திண்ணையில் உட்கார்ந்து ஒரு சிறு பெட்டியைக் கையில் பிடித்து ஆடிக்கொண்டிருந்தான். அண்ணன் வைத்திருந்தது தம்பிக்கு வந்திருக்கிறது. மடக்கித் திறக்கிற பெட்டி, மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு திரை. நின்டெண்டோ என்ற ஜப்பான் கம்பெனி 2011-ல் கொண்டுவந்து 2020-ல் உற்பத்தியை நிறுத்திவிட்ட 3டி.எஸ். அது.

"என்ன ஆட்டம் தம்பி?" என்று கேட்டோம்.

"சிபி-ரோபோ தாத்தா. அப்பா வாங்கினது. ஆனா அப்பா இதை ஆட மாட்டாங்க."

பக்கத்தில் இருந்த மருமகன் சிரித்தார். "பேரு அதேதான் மாமா. ஆனா இது அந்தச் சரக்கு இல்லை" என்றார்.

வியாபாரி காதில் இப்படி ஒரு வார்த்தை விழுந்தால் விட்டுவிட்டு எழுந்து போக முடியுமா? அன்று மாலை முழுக்க அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். பிறகு நாமும் விசாரித்தோம்.

சிபி என்றால் ஜப்பான் மொழியில் குட்டி என்று அர்த்தம். சிபி-ரோபோ பத்து சென்டிமீட்டர் உயரமுள்ள ஓர் இயந்திரப் பொம்மை. வால் போல ஒரு மின்சார வயர், அதன் நுனியில் பிளக். ஸ்கிப் என்ற சிறு நிறுவனம் செய்ய, நின்டெண்டோ அதை 2005-ல் ஜப்பானிலும் 2006-ல் அமெரிக்காவிலும் வெளியிட்டது. அப்போது அது டி.வி.யோடு இணைத்து ஆடுகிற கேம்கியூப் பெட்டிக்கான ஆட்டம். சண்டை கொஞ்சம்தான். மற்றபடி பெரிய துப்பாக்கி இல்லை, கார் ஓட்டம் இல்லை. ஒரு குடும்பம். அப்பாவுக்கு வேலை இல்லை, ஆனாலும் பொம்மை வாங்கிக் காசைக் கரைக்கிறார். அம்மா வீட்டுக் கணக்கை நினைத்து நொந்துபோயிருக்கிறார். சின்னப் பெண் எந்நேரமும் தவளைத் தொப்பி போட்டுக்கொண்டு தவளை மாதிரியே பேசுகிறாள். அந்தப் பெண்ணின் பிறந்தநாளுக்கு வந்த பரிசுதான் இந்தக் குட்டி ரோபோ. அது பல் துலக்கும் பிரஷ்ஷைத் தூக்கித் தரையில் உள்ள கறையைத் தேய்க்கும். குப்பை பொறுக்கும். சுவரில் பிளக்கைச் செருகி மின்சாரம் ஏற்றிக்கொள்ளும். வேலை செய்யச் செய்ய வீட்டில் உள்ளவர்கள் மனம் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். வீட்டில் யாரும் பார்க்காத நேரம் பொம்மைகள் எழுந்து பேசும், அவற்றுக்கும் ஆயிரம் கவலை இருக்கும்.

கேட்டபோது எமக்கே ஆச்சரியம். கூட்டிப் பெருக்குவதில் என்ன விளையாட்டு? ஆனால் காலையில் கடை திறந்து, சாக்கை ஒதுக்கி, தரையைக் கூட்டி, தண்ணீர் தெளித்துவிட்டு நிமிரும்போது நமக்கும் ஒரு திருப்தி வருகிறதே, அதை விளையாட்டாக்கியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறோம். வேறு எந்தக் கடையிலும் கிடைக்காத சரக்கு. விற்பனை பிரமாதம் இல்லை. ஆனால் ருசி கண்டவர்கள் அதை மறக்கவில்லை. மருமகன் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கினாராம்.

இனிமேல்தான் நாம் கவனிக்க வேண்டிய பகுதி.

இரண்டாவது ஆட்டம் 2007-ல் டி.எஸ். என்ற கைப்பெட்டிக்கு வந்தது. வீட்டுக்குப் பதில் பூங்கா. செடி வளர்த்துப் பூக்க வைக்கும் வேலை. ரசிகர்கள் மனம் கோணாத தொடர்ச்சிதான். ஆனால் அமெரிக்காவில் அதை வால்மார்ட் கடைகளில் மட்டும் விற்றார்கள். 2018-ல் பிளிப்கார்ட்டின் பெரும்பங்கை வாங்கியதே, அதே வால்மார்ட்தான். ஐரோப்பாவில் அந்த ஆட்டத்தை வெளியிடவே இல்லை. மூன்றாவது ஆட்டம் 2009-ல் வந்தது. மறுபடி வீடு, மறுபடி துப்புரவு, பழைய ருசி. ஆனால் ஜப்பானை விட்டு வெளியே அனுப்பவில்லை. நான்காவது 2013-ல், 3டி.எஸ். பெட்டிக்கு. பெட்டியில் உள்ள கேமராவால் நம்மைச் சுற்றியுள்ள பொருள்களைப் படம் பிடித்து நிழலுருவோடு பொருத்த வேண்டும். அது இணையத்தில் இறக்கிக்கொள்வதற்கு மட்டும். கடை அலமாரிக்கு வரவில்லை.

ஒரு சரக்கை ஒரே ஒரு பெரிய கடைக்குக் கொடுத்தார்கள். அடுத்ததை ஊரை விட்டே வெளியே விடவில்லை. அதற்கடுத்ததை அலமாரியில் வைக்கவில்லை. எட்டு வருடம் இப்படிப் போன பிறகு, இந்த வகை ஆட்டம் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை, மாற்றிப் பார்ப்போம் என்று முடிவு செய்தார்கள். போய்ச் சேரவில்லை என்பது உண்மைதான். ஆனால் சேராததற்கு யார் காரணம்? பெரிய கடைக்கு மட்டும் தனிப் பாக்கெட் கொடுத்துவிட்டு, உங்கள் ஏரியாவில் எங்கள் சரக்கு ஓடவில்லையே என்று நம்மிடமே வந்து கேட்கிற கம்பெனிப் பிரதிநிதிகளைப் பார்த்தவர்கள் நாம். ஆகவே இந்தக் கேள்வியை நாம் கேட்கலாம்.

2015 அக்டோபரில் ஐந்தாவது ஆட்டம் வந்தது. பெயர் 'சிபி-ரோபோ ஜிப் லாஷ்'. திண்ணையில் பையன் ஆடிக்கொண்டிருந்தது இதுதான். குடும்பம் போயிற்று. அம்மாவும் இல்லை, தவளைப் பெண்ணும் இல்லை. பூமியின் வளங்களைத் திருட வேற்றுக்கிரகத்தார் வருகிறார்கள். குட்டி ரோபோ இடமிருந்து வலமாக ஓடி, தாவி, பிளக் வயரைச் சாட்டையாக வீசித் தடைகளைக் கடக்க வேண்டும். குப்பை பொறுக்குவதைப் பேருக்கு வைத்திருக்கிறார்கள். இனிப்பு மிட்டாய்க் கடையில் பேருக்கு வைத்திருக்கும் காரச்சேவு மாதிரி.

ஆட்டம் அறவே மோசம் என்று சொல்லமாட்டோம். பையன் வயரை வீசி உத்தரத்தைப் பிடித்துத் தொங்குவதை நாமே பார்த்தோம், அழகாகத்தான் இருந்தது. நம் மளிகைக்காரர்கள் ரசிக்கும்படி ஒரு சங்கதியும் உண்டு: உண்மையான கம்பெனிகளின் தின்பண்டங்களையே ஆட்டத்துக்குள் வைத்திருக்கிறார்கள். ஓடும் வழியில் அவற்றைக் கண்டெடுத்துப் பொம்மைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சரி, இதெல்லாம் நல்லதுதான். ஆனால் அடுத்த கட்டத்துக்குப் போக ஒரு சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். திருவிழாவில் எண் சக்கரம் சுற்றுவார்களே, அதேதான். எந்த எண் விழுகிறதோ அத்தனை படி நகரவேண்டும். ஒரு பகுதியில் ஆறு கட்டம். முடித்த கட்டத்திலேயே மறுபடி விழுந்தால் அதையே மறுபடி ஆட வேண்டும். வேலையைச் சரியாக முடித்தவனை, உன் நேரம் சரியில்லை, திரும்பப் போ என்று அனுப்புவதை எந்த வாடிக்கையாளர் பொறுப்பார்? அன்று விமர்சனம் எழுதியவர்கள் பலர் திட்டியது இந்தச் சக்கரத்தைத்தான். திரட்டிய காசைச் செலவழித்துச் சக்கரத்தின் எண்ணை மாற்றிக்கொள்ளலாம் என்றார் மருமகன். அது இன்னும் எரிச்சலைத்தான் கிளப்பும் என்பது நமது அபிப்பிராயம்.

ஆட்டத்தோடு ஒரு சிபி-ரோபோ பொம்மையையும் சேர்த்துப் பெட்டி போட்டு விற்றார்கள். தயாரிப்பாளர் கென்சுகே தனபே, இது சிபி-ரோபோவுக்குக் கடைசி வாய்ப்பாக இருக்கலாம் என்ற பொருள்படவே வெளியீட்டுக்கு முன் பேசியிருந்தார். கடைசி வாய்ப்பு என்று தெரிந்துதான் செய்திருக்கிறார்கள். அதுதான் எமக்கு உறுத்துகிறது. கடைசி மூட்டையை அனுப்பும்போது, நம் கைக்கு வந்த நல்ல சரக்கை அல்லவா எல்லாக் கடைக்கும் அனுப்பிப் பார்த்திருக்க வேண்டும்? ஓடித் தாவுகிற ஆட்டம் வேண்டுமென்றால் அதே நின்டெண்டோவின் மரியோ இருக்கிறார். 1985 முதல் அந்தத் தொழிலில் ராஜா. அந்த வரிசையில் போய்க் குட்டி ரோபோவை நிறுத்தினால் புது ஆள் எதற்காக அதைக் கேட்டு வாங்குவார்? பழைய ஆளோ, பெட்டியைத் திறந்ததும் இது வேறு என்று மூடிவிடுவார்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், நாமும் இதே காரியத்தைச் செய்து வாங்கிக்கட்டிக்கொண்டவர்கள்.

1990-களில் எமது கடைப் பெயரில் சீயக்காய்த்தூள் பொட்டலம் போட்டுவந்தோம். பெரிய விற்பனை இல்லை, நின்றுபோனதும் இல்லை. ஷாம்பு பாக்கெட்டுகள் கடைதோறும் தோரணமாகத் தொங்க ஆரம்பித்த காலம். நமக்குப் பயம் பிடித்தது. அதே பெயரில், அதே பச்சைக் கவரில் வாசனைக் குளியல் பவுடரை அடைத்து அனுப்பினோம். ஒரு மாதம் கழித்து, எம்மிடம் பல வருடமாகச் சரக்கெடுக்கும் கிராமத்துக் கடைக்காரர் ஒரு பையோடு வந்தார்.

"அண்ணாச்சி, கிழவிங்க எல்லாம் பொட்டலத்தைக் கொண்டாந்து கல்லா மேல வச்சிட்டுப் போறாங்க. எண்ணெய்ச் சிக்கு போகலைன்னு ஏசுறாங்க. உங்க முகத்துக்காகத்தான் நான் வாங்கினேன்" என்றார்.

பையை வாங்கி வைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். வாசனைப் பவுடர் வேண்டியவர்கள் பேர்பெற்ற கம்பெனிப் பவுடரை வாங்கினார்கள். சீயக்காய் வேண்டியவர்கள் அரைவை மில்லுக்குப் போனார்கள். வருடக் கணக்கு எழுதும்போது இன்னொன்றும் தெரிந்தது. அதற்கு முந்தைய இரண்டு வருடமாக, லைனுக்குப் போகும் வண்டியில் சீயக்காய்ப் பொட்டலத்தை நாம் ஏற்றவே இல்லை. கேட்டு வந்தவருக்கு மட்டும் கொடுத்திருக்கிறோம். விற்கவில்லை என்று நாமே முடிவு கட்டியிருக்கிறோம்.

மாற்றமே கூடாது என்று நாம் வாதாடவில்லை. மரியோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1992-ல் அவரைக் கார்ப் பந்தயத்தில் ஏற்றினார்கள், அமோகமாக ஓடியது. ஆனால் அதற்குத் தனிப் பெயர், தனிப் பெட்டி. ஓடித் தாவும் மரியோ ஆட்டங்களும் பக்கத்திலேயே தொடர்ந்து வந்தன. பழைய சரக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதியதை வைக்கவில்லை.

பெரிய பெயருக்கு விழுந்தாலும் எழுந்திருக்கத் தெம்பு உண்டு. அதே 3டி.எஸ். பெட்டிக்கு மெட்ராய்டு என்ற பேர்பெற்ற வரிசையில் இப்படித்தான் ஒன்று செய்தார்கள். தனி ஆளாகப் போய் அந்நிய கிரகத்தைத் துருவும் ஆட்டத்தை, நாலு பேர் சேர்ந்து சுடும் ஆட்டமாக மாற்றி 'ஃபெடரேஷன் ஃபோர்ஸ்' என்று 2015-ல் அறிவித்தார்கள். அதைக் கைவிடுங்கள் என்று இருபதாயிரம் பேருக்கு மேல் மனுவில் கையெழுத்திட்டார்கள். 2016-ல் வெளிவந்து எடுபடவில்லை. ஆனால் 2017-லேயே பழைய பாணியில் ஒரு மெட்ராய்டு வந்து மானத்தைக் காப்பாற்றிவிட்டது. குட்டி ரோபோவுக்கு அப்படிக் கூச்சல் போட ஆள் இல்லை. சின்னச் சரக்கின் வாடிக்கையாளர் சண்டை போடுவதில்லை. அடுத்த முறை வருவதில்லை, அவ்வளவுதான். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு அது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும்.

ஜிப் லாஷுக்குப் பிறகு சிபி-ரோபோ பெயரில் புது ஆட்டம் எதுவும் வரவில்லை. ஸ்கிப் நிறுவனமும் சில வருடங்களில் ஓய்ந்துபோயிற்று. ஆனால் 2025 ஆகஸ்டில், சந்தா கட்டுபவர்கள் புதிய ஸ்விட்ச் 2 பெட்டியில் ஆடும்படி நின்டெண்டோ ஒரு பழைய ஆட்டத்தைத் திரும்பக் கொடுத்தது. எதை என்கிறீர்கள்? ஐந்தாவதை அல்ல. 2005-ல் வந்த முதல் ஆட்டத்தை.

அந்தப் பெட்டியும் மருமகன் பையில் இருந்தது. ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் இரவு எடுத்து எம்மிடம் காட்டினார். சின்னவன் அந்த 3டி.எஸ்.ஸைக் கீழே வைத்துவிட்டு அப்பா தோளில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். குட்டி ரோபோ சமையலறைத் தரையில் பிரஷ்ஷால் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. கறை போனதும் பையன், "இன்னொண்ணு இருக்கு அப்பா, மேசைக்குக் கீழ" என்றான். நாமும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த மேசைக்குக் கீழே தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் பருப்பு லாரி வந்து ஹாரன் அடித்தது.